சுண்ணாம்பு பூசிய ஆட்கள்

எங்கள் கடை ஊட்டி பஜாரில் இருந்தது. குதிரைச் சேணமும் கடிவாளமும் விற்றுத்தான் அத்தா எங்களை வளர்த்தார். துரைமார் குதிரையை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறியபோது அவரும் சேணத்தை மூலையில் போட்டுவிட்டு டயர், செயின், எண்ணெய் என்று வாங்கி அடுக்கினார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுச் சென்ற பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டி நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். எஸ்டேட்டுகளுக்குச் சாமான் கொண்டு போவது என் வேலை. கூடலூரிலிருந்து தேவர்சோலை, நாடுகாணி வரைக்கும் எந்த மண் பாதையில் மழைக்குப் பிறகு வண்டி போகும், எதில் போகாது என்பது அப்படித்தான் பழகியது.

அதற்காகத்தான் அந்தத் துரை என்னைக் கூப்பிட்டார். தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்கு அவர் மேனேஜர். ஆட்கள் பெரிய துரை என்பார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த துரைமார் சேர்ந்து ஒரு கிளப் நடத்தினார்கள், அதற்கு அவர்தான் செக்ரட்டரி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூட்டமாகக் காட்டுப் பாதையில் போவார்கள். ரோட்டில் போவது அவர்களுக்குச் சவாரியே இல்லை. சேறு வேண்டும், ஓடை வேண்டும், வழுக்கும் பாறை வேண்டும்.

இதையெல்லாம் ஏற்பாடு செய்வது என் பொறுப்பானது. பாதையை முன்கூட்டியே போய்ப் பார்த்து, விழுந்து கிடக்கும் மரத்தை அறுக்கச் சொல்லி, வழியில் உள்ள எஸ்டேட்டுகளில் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லி, பெட்ரோல் டின்களைத் தலைச்சுமையாக அனுப்பி, போய்ச் சேருகிற இடத்தில் சாப்பாட்டுக்குக் கூடாரம் அடிக்க வேண்டும். வண்டி நின்றுவிட்டால் பழுது பார்க்க வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து ஓட்ட மட்டும் எனக்கு அனுமதி கிடையாது. அவர்கள் கிளம்புவதற்கு முன்பே நான் முன்னால் போய்விட வேண்டும்.

பெரிய துரை எப்போதும் கடைசி வண்டியாகத்தான் வருவார். எல்லாரும் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால்தான் வர வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல, நிஜமாகவே அதற்காகத்தான் வந்தார். ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வண்டிகளைத் தூக்கிவிடும் ஆட்கள் மேல் வேண்டுமென்றே சேற்றை வாரி அடித்துக்கொண்டு போவார். தேயிலைக்குள் போகும் ஒற்றையடிப் பாதையில் கொழுந்துக் கூடையோடு வரும் பெண்களைக் கண்டால் அவருக்கு வேகம் கூடிவிடும். அவர்கள் செடிக்குள் விழுந்து புரண்டு எழுந்திருப்பார்கள். சாயங்காலம் எடை போடும்போது, கொழுந்தில் மண் இருக்கிறது என்று அதே பெண்களுக்குக் கூலியில் பிடித்தமும் நடக்கும்.

ஆரம்பத்தில் பாதை பிரியும் இடங்களில் வெள்ளைத் துணியைக் கம்பில் கட்டி நட்டு வைப்போம். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். ஒரு தடவை நட்ட கொடிகளில் பாதியைக் காணவில்லை. எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லைனில் ஒரு கைக்குழந்தை அந்தத் துணியில் தைத்த சட்டையோடு தவழ்ந்ததைப் பெரிய துரையே பார்த்துவிட்டார். நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. யோசித்தார், பிறகு சிரித்தார்.

"சாயபு, இனிமே கொடி வேண்டாம். ஆள் நிறுத்து. ஆளை யாரும் திருடமாட்டான்" என்றார். ஆட்களிடம் பேசிப் பேசிப் பழகிய துரைத் தமிழ் அது.

அடுத்த சவாரியில் ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆளை நிறுத்தினேன். அன்றைக்கு மூடுபனி. கறுத்த ஆட்கள் பனியில் தெரியவில்லை என்று துரைமார் இரண்டு பேர் குறை சொன்னார்கள். அதற்கும் பெரிய துரை வழி கண்டுபிடித்தார். லைன் சுவர்களுக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். அதை எடுத்து ஆட்களின் முகத்திலும் மார்பிலும் கையிலும் பூசச் சொன்னார்.

"மேல பட்டா எரியும் தொரை, மழை வேற வரும்" என்றேன்.

"சுவர் எரியுதுன்னு சொல்லிச்சா?" என்று கேட்டார்.

பூசியது மேஸ்திரிதான். ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து எஸ்டேட்டுக்குக் கொண்டு வருகிறவர் அவர். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், அந்த ஆட்களில் பாதிப்பேர் அவருக்கே உறவு. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துத் தோய்த்து அவர் பூசியபோது லைனில் இருந்த குழந்தைகள் முதலில் சிரித்தன. தங்கள் அப்பன் முகம் அடையாளம் தெரியாமல் போனதும் இரண்டு மூன்று அழ ஆரம்பித்தன. இரண்டு சவாரி இப்படியே நடந்தது. தோல் வெடித்து உரிந்தவர்கள் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது சவாரியைப் பற்றி.

அந்த மாதம்தான் எஸ்டேட்டுக்குப் புதிதாக ஒரு சின்ன துரை வந்திருந்தார். பெரிய துரைக்குக் கீழே உதவி மேனேஜர். மீசை சரியாக முளைக்காத முகம். கப்பல் விட்டு இறங்கி மலைக்கு நேராக வந்தவர். புதிதாக வருகிறவரைக் கிளப்பில் படாத பாடு படுத்துவார்கள். காலையில் எல்லா வண்டிகளும் எஸ்டேட் ஆபீஸ் முன்னால் நின்றன. சின்ன துரை தொப்பியை எடுக்க உள்ளே போன நேரத்தில் பெரிய துரை குனிந்து அவர் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தேயிலைக்குள் வீசினார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரிய துரை என்னைப் பார்த்து, "நீ போ, போ" என்று கையை ஆட்டினார். நான் கிளம்பினேன்.

வழியெல்லாம் ஆட்களை அவரவர் இடத்தில் நிறுத்திக்கொண்டே போனேன். காட்டுக்குள் ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் நல்ல பாதை. இடது பக்கம் சிறிது தூரத்தில் ஒரு பள்ளத்தின் மேல் மரப்பாலம் இருந்தது. போன மழையில் அது பாதி அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே நின்றவர் நடுத்தர வயதுக்காரர், தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். பெண்சாதி கொழுந்து எடுப்பாள். அவருக்கு அதிகம் பேச வராது.

"இடப்பக்கம் யாரையும் விட்டுறாத. கையை வலப்பக்கம் காட்டிக்கிட்டே நில்லு" என்றேன்.

"எம்புட்டு நேரமுங்க நிக்கோணும்?"

"கடைசி வண்டி பெரிய தொரையோடது. அது போனதும் நீ போயிக்கலாம்."

இதை நான் சொந்தமாகச் சொல்லவில்லை. பெரிய துரை அப்படித்தான் எல்லா ஆட்களிடமும் சொல்லச் சொல்லியிருந்தார்.

நாடுகாணியில் நான் கூடாரம் அடித்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வண்டிகள் ஒவ்வொன்றாகச் சேறு பூசி வந்தன. கடைசியில் பெரிய துரை வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பயல் அழுதுகொண்டு பங்களாவுக்குத் திரும்பியிருப்பான் என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கோழிக் கறி பரிமாறினோம்.

சின்ன துரை பங்களாவுக்குத் திரும்பவில்லை. செடி செடியாக விலக்கித் தேடி பிளக்கைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால் வெகு நேரம் கழித்துத் தனியாகக் கிளம்பியிருக்கிறார். கோபத்தில் வேகமாகவும் வந்திருக்கிறார்.

பாதை பிரியும் இடத்தில் நின்ற ஆளுக்கு அதற்குள் மழையில் சுண்ணாம்பு கரைந்து ஒரு கண்ணுக்குள் இறங்கிவிட்டது. பெரிய துரை போகிறவரைக்கும் அந்தக் கண்ணை இறுக்கிக்கொண்டு, மற்றதால் பார்த்தபடி வலது பக்கம் கையை நீட்டியபடி நின்றிருக்கிறார். வண்டி போன சத்தம் அடங்கியதும்தான் தட்டுத் தடுமாறி ஓடைக்கு இறங்கியிருக்கிறார். தண்ணீரை வாரி வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தபோது மேலே மறுபடியும் ஒரு வண்டிச் சத்தம். ஏறி ஓடி வருவதற்குள் வண்டி இடது பக்கம் திரும்பிவிட்டது. பிறகு பாலத்துக் கட்டை முறிகிற சத்தம்.

பள்ளத்தில் இறங்கி வண்டியைப் புரட்டி சின்ன துரையை வெளியே இழுத்தவரும் அவர்தான். ஒரு கண் முழுக்க மூடிப் போயிருந்தது. கத்திக் கத்தி ஆள் கூட்டினார். பக்கத்துத் தேயிலையில் இருந்து வந்த நாலைந்து பேர் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். சின்ன துரையின் கால் தொடையில் முறிந்து எலும்பு வெளியே தெரிந்தது.

மறுநாள் எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் விசாரணை. பெரிய துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளப்பில் இருந்து இரண்டு துரைமார் வந்திருந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், ஆட்களை நிறுத்தியவன் நான் என்பதால். அந்த ஆள் வாசல் மண்ணில் நின்றார். கண் மேல் பச்சிலையை வைத்துத் துணியால் கட்டியிருந்தாள் அவர் பெண்சாதி. அவள் கொஞ்சம் தள்ளி, மற்ற பெண்களோடு நின்றாள்.

விசாரணைக்கு முன்னாலேயே மேஸ்திரி அவரைத் தனியாக அழைத்துப் பேசியது எனக்குக் கேட்டது.

"தொரை என்ன கேட்டாலும் தப்புத்தானுங்க சாமின்னு கால்ல உளுந்துரு. பத்து நாள் வேலை இல்லம்பாரு. அத்தோட போச்சு. வேற பேச்சே பேசாத."

"செரீங்க" என்று தலையை ஆட்டினார் அவர்.

பெரிய துரை முதலில் அவரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார். "சாயபு, இந்த ஆளுக்கு நீ என்ன சொன்னே?"

"கடைசி வண்டி போற வரைக்கும் நிக்கணும்னு சொன்னேன் தொரை."

"நின்னானா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த வராந்தாவில் எல்லாரும் என்னிடம் எதிர்பார்த்தது அதைத்தான். நான் அந்தக் கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்தேன்.

"நின்னான் தொரை. கடைசி வண்டி உங்களோடது. நீங்க நாடுகாணிக்கு வந்து இறங்கினப்ப நான் அங்கதான் இருந்தேன். உங்க வண்டி போன பிறகுதான் அவன் கண்ணைக் கழுவப் போயிருக்கான்."

கிளப் துரைமார் இருவரும் சிகரெட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய துரை நிதானமாக இருந்தார்.

"கடைசியா வர்ற வண்டிதான் கடைசி வண்டி. என் பின்னாலே ஒரு வண்டி வந்துச்சு. அப்போ கடைசி எது?"

"பின்னால வண்டி வருதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும் தொரை? பிளக் இல்லாத வண்டி வரும்னு உங்களுக்கே தெரியலையே."

பிளக் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஒரு கணம்தான். "சாயபு நல்லா பேசுறான்" என்று ஆங்கிலத்தில் மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டு, அந்த ஆளைப் பார்த்தார்.

"ஏ, நீ சொல்லு. நான் போறதை நீ பார்த்தியா?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். அந்த ஆள் மேஸ்திரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லு என்பதுபோலத் தலையை அசைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாகச் சொன்னார்.

"பாத்தேனுங்க சாமி. நீங்க போனப்பறம்தானுங்க நான் எறங்குனேன்."

பின்னால் நின்ற பெண்களிடையே ஒரு சலசலப்பு. யாரோ ஒருத்தி "ஆமாங்க" என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

பெரிய துரை எழுந்தார். படியில் இறங்கி வந்து, கண்ணில் கட்டியிருந்த துணியை ஒரு விரலால் மேலே தூக்கிக் கண்ணைப் பார்த்தார். கண் வீங்கி வெள்ளையாக இருந்தது.

"இந்தக் கண்ணாலே பார்த்தியா?" என்று கேட்டார். விரலை எடுத்தார். துணி நழுவி மண்ணில் விழுந்தது. "இன்னிக்கே லைனைக் காலி பண்ணு" என்றார்.

அப்போதுதான் அந்த ஆள் காலில் விழுந்தார். தாமதமாகிவிட்டது. மேஸ்திரி சட்டையைப் பிடித்துத் தூக்கி ஓங்கி ஓர் அறை விட்டார், கட்டுப் போட்டிருந்த பக்கமாகவே. துரைக்காக அடித்த அடி என்று நான் முதலில் நினைத்தேன். அப்புறம் மேஸ்திரியின் கண்ணும் கலங்கியிருந்ததைக் கவனித்தேன். அடி நின்றபாடில்லை.

மத்தியானத்துக்குள் அவருடைய லைன் வீட்டிலிருந்து சாமான்கள் வெளியே வந்து விழுந்தன. சட்டி பானை, ஒரு கம்பளி, அடுப்பில் இருந்து அப்படியே எடுத்து வைத்த கூழ்ப்பானை. எடுத்துப் போட்டவர்கள் பக்கத்து வீட்டு ஆட்கள்தான். அவர்களைத்தான் மேஸ்திரி செய்யச் சொன்னார். கூழ் கொட்டியபோது ஒருவரும் தலை நிமிரவில்லை.

நான் அவரையும் பெண்சாதியையும் கூடலூர் வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து, எங்கள் கடைக்குச் சாமான் ஏற்றி வரும் லாரியில் ஊட்டிக்கு ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அந்தக் கண் போனது போனதுதான் என்றார்கள். சுண்ணாம்பு இறங்கிய உடனே நல்ல தண்ணீரில் நிறையக் கழுவியிருந்தால் பிழைத்திருக்கலாமாம்.

அதே ஆஸ்பத்திரியில் துரைமாருக்கான வார்டில் சின்ன துரை படுத்திருந்தார். கம்பவுண்டர் எனக்குத் தெரிந்தவர், உள்ளே விட்டார். காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இழுத்துக் காப்பாற்றிய ஆளை எஸ்டேட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிளக்கை யார் எடுத்தார்கள், அவர் எப்போது கிளம்பினார் என்று இரண்டு வரி சொன்னால் போதும் என்றேன்.

"எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லை" என்றார்.

"உங்களைத் தூக்கினவன் முகத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தது. அது ஞாபகம் இருக்குமே?"

தூக்கிக் கட்டியிருந்த காலைப் பார்த்தார். "நான் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தாக வேண்டும்" என்றார். பிறகு மணியை அடித்து நர்ஸைக் கூப்பிட்டார், என்னை வெளியே அனுப்ப.

அந்த வாரத்திலிருந்து எங்கள் கடைக்கு எஸ்டேட் வண்டிகள் வருவது நின்றது. எதிர்க் கடையில் நின்றன. அத்தா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் பேசினார்.

"உனக்கு யாருடா வக்காலத்து குடுத்தா? கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு வர வேண்டியவன்தானே நீ?"

கடையின் பின்பக்கம், பழைய சேணங்கள் கிடந்த அறையில் கண் போனவரையும் அவர் பெண்சாதியையும் தங்க வைத்திருந்தேன். அவர் டயர் மூட்டைகளை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். அத்தாவுக்கு அது பிடிக்கவில்லை. எதிர்க் கடைக்கு வந்த ஒரு துரை இந்தப் பக்கம் கையைக் காட்டி ஏதோ கேட்டதைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே அவர்களிடம் போய், "ஏம்பா, உன்னையப் பாத்தா வர்ற யாவாரமும் வராது. வேற எடம் பாத்துக்க" என்று நேருக்கு நேர் சொன்னார். நான் திரும்பி வந்தபோது அறை காலியாக இருந்தது. தரையைக் கூட்டிவிட்டுப் போயிருந்தாள் அவள்.

அருவங்காட்டில் அவளுடைய தங்கச்சி இருப்பதாகப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். தங்கச்சி புருஷனுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் கூலி வேலை. சில மாதம் கழித்து ஒரு மூட்டை அரிசியை வண்டியில் கட்டிக்கொண்டு நான் அங்கே போனேன். தொழிற்சாலைக் குடியிருப்புக்கு வெளியே, ஓடைச் சரிவில் தகரத்தைச் சாய்த்து அவர்களாகவே ஒரு குடிசை போட்டிருந்தார்கள். அவர் உள்ளே படுத்திருந்தார். ஒற்றைக் கண்ணோடு கல் உடைக்கப் போன இடத்தில் சில்லுத் தெறித்து அடுத்த கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது என்றாள். எந்த எஸ்டேட்டிலும் அவளுக்குக் கொழுந்தெடுக்கும் வேலை கிடைக்கவில்லை. பெயரைச் சொன்னதும் வேண்டாம் என்றார்களாம். விறகு பொறுக்கி விற்றாள்.

நான் என்னவோ ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு வராந்தாவில் உண்மையைச் சொன்னதற்கு உன் புருஷன் தைரியசாலி என்பதுபோல ஏதோ.

அவள் குறுக்கிட்டாள். குரலை உயர்த்தவில்லை, மரியாதையும் குறையவில்லை.

"ஏனுங்க சாயபு, மேஸ்திரி என்ன சொல்லி வெச்சிருந்தாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்."

"கால்ல உளுந்திருந்தா பத்து நாள் வேலை இல்லாமப் போயிருக்கும். கண்ணு போயிருந்தாலும் எங்க ஊட்டுலதானுங்க கெடந்திருப்போம். நீங்க பேசுனீங்க. நீங்க பேசுனதப் பாத்துத்தானுங்க அவரும் வாயத் தொறந்தாரு. அது வரைக்கும் எந்தத் தொரைகிட்டயும் இல்லீங்கன்னு கூடச் சொன்னவரில்ல."

"நான் நடந்ததைத்தான் சொன்னேன்."

"நடந்தது எங்களுக்குத் தெரியாதுங்களா? உங்களுக்கு நாயம் பேசிப் பாக்கோணும்னு ஆசை. பேசிட்டு நீங்க உங்க கடைக்குப் போயிட்டீங்க. நாங்க எங்கீங்க போறது?"

உள்ளேயிருந்து அவர், "போதும் புள்ள, உடு" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. என்னைக் குறித்து நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உனக்காகத்தானே என் கடை வியாபாரம் போயிற்று என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தத் தகரத்தையும், அதன் ஓட்டையில் செருகியிருந்த பழைய கம்பளித் துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் போய்விட்டது.

அரிசி மூட்டையை அவிழ்த்து இறக்கினேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான் கை கொடுப்பதற்குள் அவளே முதுகில் தூக்கிக்கொண்டு, நனையாத மூலையாகப் பார்த்து வைத்தாள். பிறகு நான் அங்கே நிற்பதையே மறந்தவள்போல அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஈர விறகை ஊதத் தொடங்கினாள். நான் வண்டியைக் கிளப்பியபோது, சத்தம் கேட்டு உள்ளே படுத்திருந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது தெரிந்தது.